மலேரியா என்பது ஒரே கிருமி அல்ல

நேற்றிரவு விவாதத்தில் அந்த மனிதர் பேசியதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கொரோனாவுக்கு ஒரே வருடத்தில் ஊசி வந்ததாம், மலேரியாவுக்கு இத்தனை காலம் கழித்து வந்த ஊசியோ பாதிதான் வேலை செய்கிறதாம், ஆகவே எல்லாம் ஏமாற்று வேலையாம். அரங்கமே கைதட்டியது. அந்தக் காணொளியை என் சித்தப்பாவே எனக்கு அனுப்பியிருந்ததுதான் மனதை மிகவும் வருத்தியது.

மலேரியா ஒரே கிருமி அல்ல. கொரோனா வைரஸின் மரபணுத் தொகுதி ஏறத்தாழ 30,000 எழுத்துகள் கொண்டது. மலேரியாவை உண்டாக்கும் ஒட்டுண்ணிகளில் ஒன்றான பால்சிபாரத்துடையதோ சுமார் 2.3 கோடி. அது கொசுவின் வயிற்றுக்குள் ஆணும் பெண்ணுமாகக் கூடி, ஒவ்வொரு முறையும் மரபணுக்களைக் கலைத்து அடுக்கிக்கொள்கிறது. நம் உடலுக்குள் வந்தபின், தொற்றிய சிவப்பணுவின் மேற்பரப்பில் காட்டும் புரதத்தை மாற்றி மாற்றி அணிய அதனிடம் சுமார் 60 மரபணுக்கள் இருக்கின்றன.

சென்னையில் ஓர் ஆய்வகத்தில் இருபது வருடம் இரத்த ஸ்லைடு பார்த்தவள் நான். கீம்சா சாயம் ஏறியதும், சிவப்பணுவுக்குள் நீல மோதிரமும் அதன் விளிம்பில் கல் பதித்ததுபோல் ஒரு சிவப்புப் புள்ளியும் தெரியும். எங்களுக்குப் பெரும்பாலும் வந்தது வைவாக்ஸ் என்ற இன்னொரு மலேரியா ஒட்டுண்ணி. அதற்கு இன்னும் தடுப்பூசியே இல்லை. எப்போதாவது பால்சிபாரம் வரும். ஒரே நோயாளியின் இரத்தத்தில் மரபணுவால் வேறுபட்ட பல ஒட்டுண்ணிகள் இருக்கலாம், ஆனால் லென்ஸுக்கு அடியில் எல்லாம் ஒரே மோதிரம்தான். நம் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது எதிர்ப்பாற்றலுக்கு ஒன்றாகத் தெரிவதில்லை.

மாலி நாட்டின் பாண்டியாகராவில் 400 குழந்தைகளிடம் ஒரு தடுப்பூசியைச் சோதித்து, 2011இல் முடிவை வெளியிட்டார்கள். மொத்தப் பாதுகாப்பு 17.4 சதவீதம் மட்டுமே. ஆனால் ஊசியில் இருந்த வகையோடு பொருந்திய ஒட்டுண்ணிகளுக்கு எதிராக 64.3 சதவீதம். அந்த ஊசியைப் போலவே மாஸ்குரிக்ஸ் என்ற மலேரியா தடுப்பூசியும் 3டி7 என்ற ஒரே ஒட்டுண்ணி வகையை வைத்துச் செய்யப்பட்டதுதான். 2015இல் வெளியான மரபணு ஆய்வில், 5 முதல் 17 மாதக் குழந்தைகளிடம் முதல் ஆண்டில், பொருந்திய ஒட்டுண்ணிக்கு எதிராக 50.3 சதவீதமும் பொருந்தாததற்கு எதிராக 33.4 சதவீதமும் பாதுகாப்புக் கிடைத்தது. ஆனால் தொற்றிய ஒட்டுண்ணிகளில் பொருந்தியவை பத்தில் ஒன்றுகூட இல்லை. இதில் ஏமாற்று எங்கே இருக்கிறது?

ஏழைக் குழந்தைகளின் நோய் என்பதால் பணம் வரவில்லை என்பீர்கள். உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் பணம் கொட்டினால் மட்டும் ஒட்டுண்ணி வேடம் மாற்றுவதை நிறுத்திவிடுமா? கம்பெனிக்குப் பரிந்து பேசுகிறாய் என்று இதற்குள் இருவர் எழுதிவிட்டார்கள். எந்தக் கம்பெனியிடமும் நான் ஒரு ரூபாய் வாங்கியதில்லை. 2023இல் மட்டும் மலேரியாவால் ஏறத்தாழ 6 லட்சம் பேர் இறந்தார்கள், பெரும்பாலும் ஆப்பிரிக்கக் குழந்தைகள். அங்கே பாதிப் பாதுகாப்பு என்பது பாதிப் பொய் அல்ல, பிழைத்து வீடு திரும்பும் பிள்ளைகள்.

சித்தப்பா, பாண்டியாகராவின் தாய்மார்கள் தங்கள் பிள்ளைகளை ஊசிக்கு அழைத்து வந்ததால்தான் அந்த 17.4 என்ற எண்ணே நமக்குத் தெரியும். அதைச் சொன்னவர்களை ஏமாற்றுக்காரர்கள் என்ற பேச்சுக்கா கைதட்டினார்கள்? அதையா எனக்கு அனுப்பினீர்கள்?