கிங்ஸ்டனில் மூடியிருக்கும் ஒரு கதவு

ஜமைக்காவின் கிங்ஸ்டனில் இருக்கும் சர்வதேச கடற்படுகை ஆணையம் தொடங்கியது 1994-ல். கடலியல் படித்த ஒருவர் அதன் பொதுச் செயலாளராக வந்தது 2025 ஜனவரியில்தான். பிரேசிலைச் சேர்ந்த லெட்டிசியா கர்வாலோ. கடலைப் பற்றி முடிவெடுக்கும் அமைப்புக்கு, கடலைப் படித்த ஒருவர் தலைமை ஏற்க முப்பது வருடம் பிடித்திருக்கிறது! எனக்கு இதில் மனதார மகிழ்ச்சி. ஆனால் எந்த இடத்தில் சுரங்கம் தோண்டலாம் என்ற முடிவு அவருடைய மேசையில் எடுக்கப்படுவதில்லை. அது எங்கே எடுக்கப்படுகிறது என்று நம்மில் பலருக்குத் தெரியாது.

எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத ஆழ்கடல் தரை மனிதகுலம் முழுவதற்கும் பொதுச் சொத்து என்கிறது 1982 கடல் சட்ட உடன்படிக்கை. ஹவாய்க்கும் மெக்சிகோவுக்கும் நடுவே, கிளாரியன்-கிளிப்பர்ட்டன் பகுதியில், 4,000 மீட்டருக்கும் கீழே உருளைக்கிழங்கு அளவில் மாங்கனீசுக் கட்டிகள் கொட்டிக் கிடக்கின்றன. நிக்கல், கோபால்ட், செம்பும் அவற்றில் உண்டு. பத்து லட்சம் வருடத்தில் சில மில்லிமீட்டர்தான் வளரும். அந்தக் கட்டிகளையே வீடாகப் பற்றிக்கொண்டு கடற்பஞ்சுகளும் பவளங்களும் வாழ்கின்றன. அங்கே இருக்கும் உயிரினங்களில் பத்தில் ஒன்பதுக்கு இன்னும் அறிவியல் பெயர்கூட வைக்கவில்லை என்று 2023-ல் வந்த ஓர் ஆய்வு சொன்னது.

சரி, அனுமதி தருவது யார்? ஆணையத்துக்குள் 'சட்ட, தொழில்நுட்பக் குழு' என்று ஒன்று இருக்கிறது. இப்போது 41 பேர். நாடுகள் முன்மொழிந்து வந்தவர்கள். புவியியலாளர்களும் சட்டம் படித்தவர்களும் நிறைய. ஆழ்கடல் உயிரியல் தெரிந்தவர்கள் குறைவு. பெரும்பாலும் மூடிய அறையில்தான் கூடுகிறார்கள். இந்தக் குழு ஒரு திட்டத்துக்குச் சரி சொல்லிவிட்டால், 36 நாடுகள் கொண்ட கவுன்சில் அதைத் தடுக்க மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். அதுமட்டும் போதாது, கவுன்சிலின் ஒவ்வொரு பிரிவிலும் பெரும்பான்மை வேண்டும். குறித்த காலத்துக்குள் கவுன்சில் முடிவெடுக்காவிட்டால் ஒப்புதல் கிடைத்ததாகவே கணக்கு. வேண்டாம் என்று சொல்வதை இவ்வளவு கடினமாக்கி வைத்திருக்கும்போது, சரி என்று சொல்லும் அறைக்குள் யார் இருக்கிறார்கள் என்பதுதானே முக்கியம்?

விஞ்ஞானிகளைக் கேட்பதே இல்லை என்று நான் சொல்லவில்லை. கேட்கிறார்கள், ஆனால் காலம் தாழ்த்திக் கேட்கிறார்கள். 2007-ல் கடல் உயிரியலாளர்கள் ஹவாயில் கூடி, கிளாரியன்-கிளிப்பர்ட்டனில் சுரங்கமே கூடாத ஒன்பது சதுரங்களை வரைந்து கொடுத்தார்கள். ஒவ்வொன்றும் பக்கத்துக்கு 400 கிலோமீட்டர். 2012-ல் ஒன்பது சதுரங்களை ஆணையம் ஏற்றுக்கொண்டது. பெரிய வெற்றிதான். ஆனால் அதற்குள் நடுப்பகுதியைச் சுரங்க ஆய்வு ஒப்பந்தங்கள் பிடித்துக்கொண்டதால், பாதுகாப்புச் சதுரங்கள் ஓரத்துக்கு நகர்ந்துவிட்டன. 2021-ல் இன்னும் நான்கு சேர்த்தார்கள். கட்டிகள் அடர்ந்து கிடக்கும் நடுப்பகுதியின் உயிர்களுக்கு அந்த ஓரங்கள் ஈடாகுமா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. அறிவியல் முதலில் வந்து ஒப்பந்தம் பிறகு வந்திருந்தால் வரைபடமே வேறு மாதிரி இருந்திருக்கும்.

அப்புறம், காசு. ஆழ்கடலுக்கு ஆய்வுக் கப்பல் அனுப்புவது சாமானியச் செலவு இல்லை. அந்தப் பகுதியைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும் பங்கு, சுரங்க ஒப்பந்தம் வைத்திருப்பவர்கள் செலவு செய்த பயணங்களில் கிடைத்தது. அதில் போன ஆய்வாளர்களை நான் குறை சொல்ல மாட்டேன். வேறு வழியில் அவர்கள் அங்கே போயிருக்கவே முடியாது. ஆனால் அதே தரவை வைத்து அனுமதி கொடுக்கும்போது, அதைச் சரிபார்க்கத் தனி ஆட்கள் வேண்டாமா? 1989-ல் ஜெர்மன் விஞ்ஞானிகள் பெருவுக்கு அப்பால் கடல் தரையைச் சோதனைக்காக உழுதார்கள். 26 வருடம் கழித்துப் போய்ப் பார்த்தால் உழுத தடம் அப்படியே இருந்தது. எந்த நிறுவனமும் தன் லாபத்துக்காக இவ்வளவு காலம் காத்திருந்து பார்க்காது.

இது நமக்குத் தூரத்து விஷயம் இல்லை. மத்திய இந்தியப் பெருங்கடலில் 75,000 சதுர கிலோமீட்டருக்கு இந்தியா 2002 முதல் ஆய்வு ஒப்பந்தம் வைத்திருக்கிறது. பள்ளிக்கரணையில் இருக்கும் தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கிய 'வராஹா' என்ற கடலடிச் சுரங்க இயந்திரம் 2021-ல் 5,270 மீட்டர் ஆழத்தில் ஓடியது. அந்தப் பொறியாளர்களின் திறமையில் எனக்கும் பெருமை உண்டு. அதே அளவு முனைப்பை கிங்ஸ்டனிலும் எதிர்பார்க்கிறேன். கவுன்சிலில் இந்தியாவுக்கு இடம் இருக்கிறது. சட்ட, தொழில்நுட்பக் குழுவின் கூட்டங்களைத் திறந்து வையுங்கள், ஒப்பந்ததாரரோடு தொடர்பில்லாத உயிரியலாளர்களை உள்ளே சேருங்கள், அதற்குப் பிறகு அனுமதியைப் பற்றிப் பேசலாம் என்று அடுத்த கூட்டத்தில் இந்தியா எழுந்து சொல்ல வேண்டும்.