வன உரிமைப் பட்டாவை விற்க முடியாது

‘காட்டை வளைத்தவர்களுக்கெல்லாம் 2006 வன உரிமைச் சட்டத்தில் பட்டா கிடைக்கிறது, பழங்குடியினர் அதை விற்றுவிட்டு வளர்ச்சி வரவில்லை என்கிறார்கள்’ என்று சிலர் சொல்வதில் இரண்டு கூற்றுகளுமே தவறு.

2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே வாழ்வாதாரத்துக்காகத் தங்கள் கையில் வைத்திருந்த நிலத்துக்கு மட்டுமே, அதிகபட்சம் 4 ஹெக்டேர் வரை, அச்சட்டம் உரிமை அளிக்கிறது. பழங்குடியினர் அல்லாதவர்கள் அந்தத் தேதிக்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுகள், காட்டை நம்பி அங்கே வாழ்ந்திருக்க வேண்டும். வாரிசுகளுக்குப் போகும் அந்த உரிமையை விற்கவோ மாற்றிக் கொடுக்கவோ சட்டம் இடம் தரவில்லை. நீலகிரி மாவட்டத்தின் பந்தலூர்ப் பக்கம் கள ஆய்வுக்குப் போனபோது, பாலித்தீன் உறையில் போட்டுக் கூரை மூங்கிலில் செருகி வைத்திருந்த பட்டா ஒன்றைக் காட்டினார்கள். சட்டப்படி அது கணவன், மனைவி இருவர் பெயரிலும் இருந்தது. பக்கத்துக் கூடலூரின் ஜென்ம நிலத் (பரம்பரை நில உடைமையாளர்களிடம் இருந்த எஸ்டேட் நிலம்) தகராறு வேறு; அது அந்த எஸ்டேட்டுகளை ஒழித்த 1969 சட்டத்தைச் சார்ந்தது. இரண்டையும் குழப்பிக்கொள்வது இங்கே வழக்கமாகிவிட்டது.

தேன், கடுக்காய் போன்ற சிறு வன விளைபொருள்களைச் சேகரித்து விற்கும் உரிமையும் இதே சட்டத்தில்தான் இருக்கிறது. நிலத்தை மட்டும் வைத்து வளர்ச்சியை அளப்பவர்கள், காட்டுநாயக்கர் பழங்குடிக் குடும்பங்களுக்குத் தேன் தரும் வருமானத்தைக் கணக்கிலேயே எடுப்பதில்லை.