87.43 எண்டு கேட்டது குற்றமோ?

லென்ஸ் வளைவைக் கொம்பியூட்டரில கூட்டிக் குறைச்சு ஒப்டிமைஸ் பண்ணினவனுக்குத்தான் இந்தக் கோதாரி விளங்கும், மற்றாக்கள் சும்மா வாசியுங்கோ. இண்டைக்கு வவுனியாவில ஒரு கண்ணாடிக்கடை. நான் மரியாதையா, "ஐயா, ஒரு பக்கம் 87.43 மில்லிமீற்றர் ஆரையில கடைஞ்சு தருவியளோ?" எண்டு கேக்கிறன். அவர், "ஆருக்குத் தம்பி, அம்மாவுக்கோ?"

ஒருத்தருக்கும் இல்லை ஐயா, தொலைநோக்கிக்கு; அதின்ர ஆடி ஓரத்து நட்சத்திரத்துக்கு வால் முளைக்க வைக்கும், அதைத் திருத்த ரெண்டு லென்ஸ், நாலு வளைவு. "சரி, தூரப்பார்வையோ கிட்டப்பார்வையோ?" தூரம்தான், ஒமேகா செண்டோரி எண்ட நட்சத்திரக்கொத்து, 15,000 ஒளியாண்டுக்கும் அங்கால. "அப்ப வாசிக்கிறதுக்கு வேற ஒண்டு போடோணும்."

வாசிக்கிறதுக்காம்!

அதோட விட்டாரே? அவரிட்ட இருக்கிற கடையிற தட்டெல்லாம் டயொப்டர் (லென்ஸ் பவர்) கணக்கு, அதுவும் முறிவுச்சுட்டி (ஒளியை வளைக்கிற அளவு) 1.53 எண்டு வச்சு அடிச்சது, 530 ஐ பவரால பிரிச்சா ஆரை வரும். 6 போட்டா 88.33, அடுத்த தட்டு 6.125, அது 86.53. என்ர வளைவு ரெண்டுக்கும் நடுவில நிண்டு முழிக்குது. "கிட்டத்தட்ட ஒண்டுதானே தம்பி" எண்டுறார். ஓமய்யா, கிட்டத்தட்ட நட்சத்திரமும் வால்வெள்ளியும் ஒண்டுதான், அந்த வாலை வெட்டத்தானே இவ்வளவு பாடும்! எஃப்8 ஆடியை (குவியத்தூரம் விட்டத்தின்ர எட்டு மடங்கு) எஃப்4 ஆக்கினா கோமா எண்ட அந்த வால்பிழை நாலு மடங்கு, ஓரத்தில இருக்கிற நட்சத்திரமெல்லாம் வால் முளைச்சு நிக்கும்.

சரி எண்டு வீட்டை வந்து முதல் வளைவை 88.33 இல பூட்டிப்போட்டு மிச்ச மூண்டையும் லென்ஸ் கணக்குப் போடுற புரோகிராமிட்ட விட்டன். அது உடன எனக்கு ரெண்டு லென்ஸையும் ஒண்டுக்குள்ள ஒண்டு புகுத்தி, இடைவெளி மைனஸ் எண்டு காட்டிச்சுது, நட்சத்திரப் புள்ளியெண்டா அவ்வளவு வடிவு. கண்ணாடிக்குள்ளால கண்ணாடி போகுமோ விசரா! இடைவெளிக்கு எல்லை போட்டா லென்ஸின்ர ஓரம் பிளேட் மாதிரி மெலியுது, ஓரத்தைத் தடிப்பாக்கினா கோமா அடங்கி கோளப்பிறழ்ச்சி (நடுவாலயும் ஓரத்தாலயும் வாற ஒளி ஒரே இடத்தில குவியாத பிழை) தலையெடுக்குது, அதைப் பிடிச்சு அமத்தினா கோமா திரும்பச் சிரிக்குது. 1935 இல ஃபிராங்க் ரொஸ் எண்ட மனுசன் கொம்பியூட்டரே இல்லாமல் உதே வேலையைச் செய்து அமெரிக்காவின்ர பலோமார் வானாய்வகத்து 200 அங்குல ஆடிக்கு வழி காட்டினவர். அவருக்கும் கோளப்பிறழ்ச்சி கொஞ்சம் மிஞ்சினதுதான், ஆனா அவரிட்ட ஆரும் அம்மாவுக்கோ எண்டு கேட்டிருக்க மாட்டினம்.

பிறகுதான் இன்னொண்டு. நான் போட்ட கணக்கெல்லாம் பிகே7 எண்ட லென்ஸ் கண்ணாடிக்கு, முறிவுச்சுட்டி 1.5168. கடைக்காரர் போன் எடுத்துச் சொல்லுறார், "என்னட்ட இருக்கிறது மூக்குக்கண்ணாடிக் கண்ணாடிதான் தம்பி, 1.523." அதை முதலே சொல்லியிருக்கலாமெல்லோ? நாலு வளைவும் திரும்ப முதலில இருந்து. ஓடவிட்டன், மெரிட் ஃபங்ஷன் (மிச்சப் பிழையெல்லாத்தின்ர கூட்டுக்கணக்கு) இறங்குது, இறங்குது, இன்னும் கொஞ்சம்... கரண்ட் போட்டுது. லப்டொப் பற்றரி செத்து எவ்வளவு காலம். இருட்டுக்குள்ள இருந்து தனியச் சிரிச்சன், அம்மா வந்து நெத்தியில கை வச்சுப் பாத்தவ.

வெளியில வானம் கருங்கும்மெண்டு, நட்சத்திரம் கொட்டிக்கிடக்குது, பாக்கத்தான் சாமான் இல்லை.

அதைவிடுங்கோ. இண்டைக்கு வரேக்க பஸ்ஸில ஐநூறு குடுத்தன், "மிச்சம் பிறகு தாறன்" எண்டான் கொண்டக்டர். மாங்குளத்தில இறங்கிக் கை நீட்டுறன், அவன் "போலாம் ரைற்" எண்டு பெல் அடிக்கிறான். உவங்களுக்கெல்லாம் மிச்சக் காசு எண்டாலே காது கேக்காதோ?