பேசுகிறார்கள், சரி. பதில் சொல்கிறார்களா?

சமூக ஊடகத்தால் தலைவர்கள் மக்களிடம் நேரடியாகப் பேச முடிகிறது, அது ஜனநாயகத்துக்கு நல்லது என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. பேசுகிறார்கள், சரி. பதில் சொல்கிறார்களா? செய்தியாளர் சந்திப்பில் குறுக்குக் கேள்வி வரும்; மழுப்பினால் எல்லோருக்கும் தெரிந்துவிடும். ட்விட்டரில் (இப்போது அதன் பெயர் ‘எக்ஸ்’ஆம்) ஒரு பதிவைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடலாம். பதில் வராதபடி பூட்டியும் வைக்கலாம். அந்தப் பதிவையே அப்படியே எடுத்துச் செய்தியாகப் போடும் ஊடகங்களை என்ன சொல்வது?

பொய்ச் செய்தியைக் கட்டுரையாளர் ஒரே வரியில் கடந்துவிட்டார். 2018-இல் ‘சயின்ஸ்’ அறிவியல் இதழில் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வின்படி, ட்விட்டரில் பொய்ச் செய்தி மறுபகிர்வு பெறும் வாய்ப்பு உண்மைச் செய்தியைவிட 70 சதவீதம் அதிகம். அதிலும் அரசியல் பொய்கள்தான் முந்தி ஓடின. பழியைத் தானியங்கிக் கணக்குகள் மேல் போடவும் வழியில்லை, பரப்பியது பெரும்பாலும் மனிதர்கள்தான். 2019-இல் வாட்ஸ்அப் உலகம் முழுவதும், ஒரு தகவலை ஒரே நேரத்தில் 5 அரட்டைகளுக்கு மேல் அனுப்ப முடியாதபடி செய்தது. வேகம் குறைந்திருக்கலாம். ஆனால் அனுப்பியவர் சொந்தச் சித்தப்பா என்றால் யார் சரிபார்க்கிறோம்? எங்கள் குடும்பக் குழுவில் நான் மறுப்பு போட்டால், அடுத்து வருவது ஒரு ‘காலை வணக்கம்’ படம்தான்.