"அம்மா எங்க வேல பாக்காங்க?" என்று கேட்டவருக்கு

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சண்டே ஸ்கூல் ஆண்டு விழாவில் நடந்தது எங்கள் ஊர்க்காரர்கள் நிறையப் பேருக்குத் தெரியும். அந்த வீடியோ மூன்று வாட்ஸப் குழுக்களில் சுற்றிவிட்டது. மூன்று நாள் பொறுத்துப் பார்த்தேன். இன்றைக்கு எழுதாவிட்டால் ராத்திரி தூங்க மாட்டேன்.

மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் பைபிளில் 121ஆம் சங்கீதம் ஒப்பிக்க மேடையேறினான். ஐந்து வசனம் நன்றாகச் சொன்னான். ஆறாவதில் நின்றுவிட்டான். செய்தி கொடுக்க, அதாவது பிரசங்கம் பண்ண, வந்திருந்தவர் மைக்கைப் பிடித்து, "மக்ளே, அம்மா எங்க வேல பாக்காங்க?" என்று கேட்டார். "ஆஸ்பத்திரியில நர்ஸ்" என்றான். "அதான்" என்றார். கூட்டம் சிரித்தது.

அந்தப் பையன் என் மகன். அந்த "அதான்" என்ற ஒரு சொல்லுக்குத்தான் இந்தப் பதிவு.

நான் அங்கே இல்லை. மதியம் 2 மணிக்குத் தொடங்கின டியூட்டி. எட்டு மணிக்கு ஹேண்ட் ஓவர் கொடுத்துவிட்டு, உடை மாற்றுகிற அறையில் போனைத் திறந்தபோதுதான் பார்த்தேன். அவன் அப்பா அங்கே மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். மார்த்தாண்டத்தில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறார். காலை 9 மணிக்குப் போனால் ராத்திரி எட்டரைக்குத்தான் வீடு. "அப்பா எங்க வேல பாக்காங்க?" என்று ஏன் கேட்கவில்லை? கேட்டிருந்தால் யாராவது சிரித்திருப்பார்களா? பிள்ளை வசனத்தை மறந்தால் அம்மாவின் வேலை காரணம். அப்பாவின் வேலை எதற்குமே காரணம் ஆவதில்லை.

அந்தச் சங்கீதத்தில் எட்டு வசனம். எட்டையும் ஸ்கூட்டரில்தான் சொல்லிக்கொடுத்தேன். வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் நாலு கிலோமீட்டர். ஒரு நாளைக்கு ஒரு வசனம். நான் முன்னால் இருந்து சொல்ல, அவன் என் முதுகைப் பிடித்துக்கொண்டு திருப்பிச் சொல்வான். நைட் டியூட்டி முடிந்து கண் எரிய எரிய வந்த காலையிலும் நான்தான் கொண்டுவிட்டேன், வசனத்தை விடவில்லை. நாலாம் வசனத்தில், இஸ்ரவேலைக் காக்கிறவர் உறங்குவதுமில்லை என்று வருமே, அன்றைக்கு அவன், "ஆண்டவருக்கும் நைட் டியூட்டியாம்மா?" என்று கேட்டான். மேடையில் அவனிடம் கேட்க வேண்டியிருந்தால் இந்தச் சங்கீதத்தை உனக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டிருக்கலாம்.

"விளையாட்டாச் சொன்னாரு, அத பெருசு பண்ணாதீங்க" என்று சிலர் இன்பாக்ஸில் எழுதியிருக்கிறீர்கள். சரி, உங்கள் பிள்ளையை அதே மேடையில் அப்படி நிறுத்தி ஊர் சிரித்திருந்தால் விளையாட்டு என்றுதான் எடுத்துக்கொண்டிருப்பீர்களா? அவன் வீட்டுக்கு வந்து எதுவும் சாப்பிடாமல் படுத்துவிட்டான். அடுத்த நாள் காலையில், "நீங்க நர்ஸுன்னு சொன்னது தப்பாம்மா?" என்று கேட்டான். எட்டு வயசு. அம்மாவின் வேலை ஏதோ மறைக்க வேண்டிய விஷயம் என்று அவன் மனசில் விழுந்துவிட்டது. இதையா விளையாட்டு என்கிறீர்கள்?

மேடையில் அந்தச் சிரிப்புக்குப் பிறகு 40 நிமிடம், பைபிளில் நீதிமொழிகள் 31ஆம் அதிகாரத்தை வைத்து அவர் செய்தி. குணசாலியான ஸ்திரீ வீட்டைவிட்டு இறங்க மாட்டாளாம். நான் சிறுவயதிலிருந்து வாசிக்கிற அதிகாரம் அது. 10ஆம் வசனத்திலிருந்து கடைசிவரை 22 வசனம், எபிரெய எழுத்து 22க்கும் வரிசையாக ஒவ்வொன்று. அதில் அந்தப் பெண் என்ன செய்கிறாள்? வயலை விசாரித்து வாங்குகிறாள். கைச் சம்பாத்தியத்தில் திராட்சத்தோட்டம் போடுகிறாள். புடவை நெய்து விற்கிறாள், கச்சைகளை வியாபாரிகளிடம் கொடுக்கிறாள். இராத்திரியில் அவள் விளக்கு அணைவதில்லை. அவளுக்குக் கூடமாட ஒத்தாசைக்கு வேலைக்காரிகளும் இருந்தார்கள், 15ஆம் வசனத்திலேயே இருக்கிறது. எனக்கு வேலைக்காரி கிடையாது. நாலரைக்கு எழுந்து புட்டு அவித்து, பயறு வேகவைத்து, மத்தியானத்துக்குச் சோறும் குழம்பும் வைத்து, மாமியாரின் மாத்திரைகளை எடுத்து வைத்துவிட்டுத்தான் இறங்குகிறேன். அதிகாரம் முடிகிற இடத்தில், அவள் கைகளின் பலனை அவளுக்குக் கொடுங்கள் என்று இருக்கிறது. அந்த வசனத்தை அவர் வாசிக்கவே இல்லை. வீடியோவை இரண்டு தடவை பார்த்துவிட்டேன்.

பைபிளில் தீத்து 2:5 வசனத்தை ஏற்கெனவே எனக்கு அனுப்பிவிட்டார்கள், பெண்கள் வீட்டில் தரித்திருக்க வேண்டும் என்று. கிரேத்தா தீவிலிருந்த சபைக்காக அப்போஸ்தலன் பவுல் தீத்துவுக்கு எழுதினது அது. அதற்கு அடுத்த வசனமே வாலிபப் பையன்கள் தெளிந்த புத்தியோடு இருக்க வேண்டும் என்கிறது. அதை வைத்து எந்த வாலிபனையும் மேடையில் யாரும் மடக்கினதில்லை. அதே பைபிளில், பவுலை வீட்டில் தங்கவைத்த லீதியாள் இரத்தாம்பரத் துணி விற்றவள். பிரிஸ்கில்லாள் புருஷனோடு சேர்ந்து கூடாரம் செய்தவள், பவுலும் அவர்களோடு தங்கி அதே வேலையைச் செய்தார். இதற்குமேல் இதில் வாதாட எனக்கு ஒன்றுமில்லை.

ஆனால் நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் நின்று இப்படிப் பேசினதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நாகர்கோவிலில் 1820களில் மிஷனெரிமார் வீட்டு அம்மாமார்கள், மால்ட் அம்மையாரும் மீட் அம்மையாரும், பெண் பிள்ளைகளுக்கு எழுத்தோடு சேர்த்து லேஸ் பின்னவும் சொல்லிக்கொடுத்தார்கள். அந்த லேஸ் விற்ற காசு பள்ளிக்கூடம் நடத்த உதவியது. அடிமைகளாக இருந்த பெண்கள் லேஸ் பின்னின காசைக் கட்டித் தங்கள் விடுதலையை வாங்கினார்கள். அப்போது நம்ம ஊரும் சேர்ந்திருந்த திருவிதாங்கூரில் அடிமைமுறையை ஒழித்தது 1855இல்தான், இவர்கள் அதற்கும் முந்தி. பெண் சம்பாதித்த காசில் எழும்பின சபை நம்முடையது. என் அம்மாவைப் பெற்ற பாட்டியும் லேஸ் பின்னினவர்தான். உருண்டைத் தலையணையை மடியில் வைத்து, நூல் சுற்றின குச்சிகளை மாற்றி மாற்றிப் போடுவார். அந்தச் சத்தம் எனக்கு இப்போதும் கேட்கிறது. அந்தக் காசில்தான் என் அம்மா பத்தாவது முடித்தார். பாட்டிக்கு எழுத்து அவ்வளவாக வராது, ஆனால் அவர் வாயிலிருந்துதான் நான் முதல் கீர்த்தனையைக் கற்றேன். அவர் வேலை அவர் விசுவாசத்துக்கு எந்தக் குறையும் வைக்கவில்லை.

"அப்போ வீட்டில் இருக்கிற பெண்கள் தாழ்ந்தவர்களா?" என்று யாராவது கேட்பீர்கள். நான் எங்கே அப்படிச் சொன்னேன்? என் தங்கை எம்.எஸ்சி. படித்துவிட்டு வீட்டில் இருக்கிறாள். அவளிடமும் இதே ஊர், "இவ்வளவு படிச்சிட்டு சும்மா இருக்கியே" என்றுதான் கேட்கிறது. அவள் அழுததையும் நான் பார்த்திருக்கிறேன்.

அம்மா வேலைக்குப் போனால் பிள்ளை மொபைலோடுதான் இருக்கும் என்று மேடையில் சொன்னது உண்மைதான், மறைக்கவில்லை. நான் மதியம் டியூட்டிக்குப் போகிற நாட்களில் பையன் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பாட்டியின் போனை எடுத்துக்கொள்கிறான். மாமியாருக்கு மூட்டு வலி, பின்னால் ஓட முடியாது. எனக்கு அது தினமும் உறுத்துகிறது. மேடையிலிருந்து ஒருவர் வந்து எனக்குச் சொல்லவேண்டியதில்லை.

காசுக்காகப் போகிறாள் என்கிறார்கள். ஆமாம், காசுக்காகவும்தான். வீட்டுக் கடன் இருக்கிறது. அந்தக் காசிலிருந்துதான் மாதாமாதம் கோயிலுக்குப் பத்தில் ஒரு பங்கான தசமபாகமும் போகிறது. போன வருஷம் அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பலாப்பழத்தை 1,500 ரூபாய்க்கு எடுத்தேன், எல்லாரும் கைதட்டினார்கள். அன்றைக்கு யாரும் என்னிடம் எங்கே வேலை பார்க்கிறாய் என்று கேட்கவில்லை. அசனத்துக்கு, அதுதான் சபை விருந்துக்கு, விடியற்காலையில் காய் வெட்டப் போனபோதும் கேட்கவில்லை.

அப்புறம் ஞாயிற்றுக்கிழமை. "ஆராதனைக்கே வராத அம்மா" என்றும் அந்த வீடியோவுக்குக் கீழே ஒருவர் எழுதியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை நோயாளிகளெல்லாம் எழுந்து வீட்டுக்குப் போய்விடுவதில்லை. 18 வருஷம் கூனியாகக் கிடந்த ஒருத்தியை இயேசு ஓய்வுநாளில்தான் குணமாக்கினார். அதற்கும் அன்றைக்கு ஜெபஆலயத் தலைவன் கோபப்பட்டான்.

கடன் முடிந்தாலும் நான் இந்த வேலையை விடப்போவதில்லை. இதை இதுவரை வீட்டில்கூட இவ்வளவு வெளிப்படையாகச் சொன்னதில்லை. போன மாதம் ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு வயதான அம்மா, மூச்சு வாங்கிக்கொண்டு, என் கையைப் பிடித்து ஜெபம் பண்ணச் சொன்னார். மற்ற நோயாளிகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். சத்தமில்லாமல் அதே 121ஆம் சங்கீதத்தைச் சொன்னேன். எட்டு வசனம் முடிகிறவரை அவர் கையை விடவில்லை. கோயில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த எத்தனையோ ஞாயிறுகளில் எனக்குக் கிடைக்காத ஒரு சமாதானம் அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் கிடைத்தது. இதை எந்தப் பிரசங்கியாருக்கு நான் எப்படிப் புரியவைப்பேன்?

எங்கள் சபைப் போதகர் ஐயர் நேற்று போனில் வருத்தம் தெரிவித்தார். அவர் நல்ல மனுஷர். ஆனால் என் பையன் சிரிப்புக்கு ஆளானது மைக்கில், ஊர் முன்னால். வருத்தம் எனக்கு மட்டும் போனில் வந்திருக்கிறது.

வருகிற சனிக்கிழமை எனக்கு நைட். ஞாயிறு காலை 8 மணிக்கு டியூட்டி முடியும், ஆராதனை 9 மணிக்கு. வீட்டுக்குப் போய்ச் சேலை மாற்ற நேரம் இருக்காது. போட்டுப்போன சுடிதாரோடு நேராக வந்து முன் வரிசையில் உட்காருவேன். மகன் இனிமேல் கோயிலுக்கே வரமாட்டேன் என்கிறான். அவனைச் சமாதானம் செய்ய எனக்கு இன்னும் நாலு நாள் இருக்கிறது.