பர்ஸுக்கு சார்ஜ் தீர்ந்தால்

போன வாரம் இரவு ரயிலைவிட்டு இறங்கி, கட்டணம் கொடுக்க வெளியேறும் கதவில் போனை வைத்தேன். சிவப்பு விளக்குதான் எரிந்தது. திரை இருண்டு கிடந்தது. ஏறும்போது 7 சதவீதம் சார்ஜ் இருந்தது. வழியில் வரைபடம் பார்த்தே அதைத் தீர்த்திருந்தேன். பின்னால் வரிசை நீண்டது. கணக்கில் பணம் இருக்கிறது, கொடுக்கவும் மனம் இருக்கிறது, கொடுக்கத்தான் வழியில்லை. ஊழியர் ஒருவர் பக்கக் கதவைத் திறந்துவிட்டார். வெளியேறியது பதிவாகாததால் அதிகபட்சக் கட்டணத்தைப் பிடித்துவிட்டார்கள்.

“இதற்குத்தான் போனில் பணம் வைக்காதே என்றோம், எவனாவது திருடிவிடுவான்” என்றார்கள் நண்பர்கள். இதை நான் ஏற்கவில்லை. திருட்டு பயம் இருப்பவர்கள்தான் முதலில் போனுக்கு மாற வேண்டும். போனில் சேர்த்த கார்டில் பணம் கொடுக்கும்போது, கடைக்காரரின் கருவிக்கு நம் கார்டு எண் போவதே இல்லை. அதற்குப் பதிலாக ‘டோக்கன்’ என்னும் மாற்று எண்ணும், அந்த ஒரு முறைக்கு மட்டுமே செல்லும் ரகசியக் குறியீடும் போகின்றன. அவற்றைக் களவாடியவன் இன்னொரு கடையில் ஒன்றும் வாங்க முடியாது. போனும் கருவியும் தொடாமலே பேசிக்கொள்ளும் ‘என்எஃப்சி’ அலை எட்டுவதும் ஏறக்குறைய 4 சென்டிமீட்டர்தான்.

என் கோபமெல்லாம் பேட்டரியின் மேல். சாதாரண பிளாஸ்டிக் கார்டுக்குள் பேட்டரியே கிடையாது. கதவிலுள்ள கருவி பரப்பும் காந்தப் புலத்திலிருந்தே அதன் சில்லு தனக்கு வேண்டிய மின்சாரத்தை எடுத்துக்கொள்கிறது. அந்தக் கார்டால் முடிவது ஆயிரக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய போனால் ஏன் முடியக் கூடாது? 2018-இல் வந்த ஐபோன் எக்ஸ்எஸ் முதல், சார்ஜ் தீர்ந்து அணைந்த பிறகும் 5 மணி நேரம் வரை போனில் சேர்த்த பயணக் கார்டு வேலை செய்ய வழி இருக்கிறது. வழி தெரிந்திருக்கிறது, அப்படியானால் எல்லாப் போன்களிலும் அதைக் கட்டாயமாக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரே கார்டைப் போனிலும் கைக்கடிகாரத்திலும் சேர்த்திருந்தால், இரண்டுக்கும் மாற்று எண் வேறு. போனைக் காட்டி ஏறி, கடிகாரத்தைக் காட்டி இறங்கினால், கணக்கில் இரண்டு அரைகுறைப் பயணங்களாகிவிடும்.

லண்டன் பேருந்துகள் 2014 ஜூலையிலேயே ரொக்கம் வாங்குவதை நிறுத்திவிட்டன. அங்கே கார்டாவது செல்லும். போன் மட்டும்தான் என்று எந்த ஊர் சொன்னாலும் நான் எதிர்ப்பேன். கட்டணம் கொடுக்கத் தயாராக நிற்பவரை இரவு நேரத்தில் கதவுக்கு உள்ளேயே நிறுத்திவைப்பது அநியாயம்.

இப்போது பையில் ஒரு பயணக் கார்டு வைத்திருக்கிறேன். போன் உறைக்குள் வைப்பதில்லை. இரண்டும் சேர்ந்திருந்தால் கருவி எதைப் படிக்கும் என்று சொல்ல முடியாது.