குறை துப்பாக்கியில் அல்ல, பராமரிப்பில்

வாயுவில் இயங்கும், அதாவது சுடும்போது எழும் வாயுவின் விசையில் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றும், செமி ஆட்டோமேட்டிக் ஷாட்கன் சில வருடங்களில் "ஓய்ந்துவிடும்" என்று ஒரு கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. 1963-ல் வந்த, இதே வகையான ரெமிங்டன் 1100 துப்பாக்கிகள் அமெரிக்காவில் இன்றும் வாத்து வேட்டைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கின்றன.

காலி தோட்டா வெளியே வராமல் சிக்கினால் எல்லோரும் அதைப் பிடித்து இழுக்கும் கொக்கியான எக்ஸ்ட்ராக்டரைக் குறை சொல்வார்கள். 1100-ல் முதலில் மேகசின் குழாயின் (பேரலுக்குக் கீழே தோட்டாக்கள் இருக்கும் குழாய்) பள்ளத்தில் இருக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கைப் பாருங்கள். அது விரிசல் விட்டிருந்தால் வாயு கசியும், தோட்டா அறையை மூடித் திறக்கும் போல்ட் பாதி தூரத்தோடு நின்றுவிடும். விலை அற்பம், வேட்டைப் பையில் இரண்டு உபரி வைத்திருக்கலாம். அதுவும் சரியாக இருந்தால் பேரலின் வாயுத் துளைகளில் கரி அடைத்திருக்கலாம். மேகசின் குழாயில் எண்ணெயைக் கொட்டாதீர்கள். கரியோடு சேர்ந்து பசையாகி, குளிரில் இறுகிவிடும். லேசாகத் துடைத்த ஈரம் போதும்.

யாரும் திறந்து பார்க்காத இடம், பின்கட்டைக்குள் இருந்து போல்ட்டை முன்னே தள்ளும் ஸ்பிரிங். சதுப்பு நிலத்தில் தண்ணீர் உள்ளே போனால் துருப்பிடிக்கும். போல்ட் முழுசாக மூடாது. சீசன் முடிந்ததும் தோட்டா ஏதும் இல்லை என்று உறுதிசெய்து, கட்டையைக் கழற்றி, ஸ்பிரிங்கையும் அதன் குழாயையும் துடைத்து, மெல்லிய எண்ணெய் தடவுங்கள். வாயுவுக்குப் பதில் பின்னுதைப்பில் இயங்கும் இனெர்ஷியா முறை பெனெல்லி எம்2 வைத்திருப்பவர்களும் சிரிக்க வேண்டாம், அதிலும் ஸ்பிரிங் அங்கேதான்.

பழைய ஃபுல் சோக் (முனை மிகவும் குறுகிய) பேரலில் மட்டும் ஸ்டீல் ஷாட் (எஃகுக் குண்டுகள் உள்ள தோட்டா) போடாதீர்கள், சோக் பகுதி வீங்கிவிடலாம்.